உரிமம் அவர்களுக்கு, வழக்கு நமக்கு

2026 ஜனவரி 1ஆம் தேதி காலை தம்பின் வட்டாரத்தில் யார் கைப்பேசியிலும் எதுவும் மாறவில்லை. கெமெஞ்சே, ரெப்பா, கெமாஸ் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் புத்தாண்டு வாழ்த்துகள் வழக்கம்போல் புலனத்தில் பறந்தன. டிக்டாக் நேரலைகளில் சேலையும் முறுக்கும் விலைபோயின. ஆனால் கோலாலம்பூரில் அன்று ஒரு விசித்திரமான விதி அமலுக்கு வந்திருந்தது. மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் சமூக ஊடக நிறுவனம், விண்ணப்பித்தாலும் சரி, விண்ணப்பிக்காவிட்டாலும் சரி, இனி உரிமம் பெற்றதாகவே கருதப்படும். டிக்டாக், முகநூல், இன்ஸ்டகிராம், யூடியூப், புலனம், டெலிகிராம் எல்லாமே ஒரே இரவில் உரிமதாரர்கள் ஆகிவிட்டன.

அதற்கு முன்பு பேச்சு இப்படி இல்லை. 2024 ஜூலை 27 அன்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கறாராக அறிவித்தது: 2025 ஜனவரி 1 முதல் உரிமம் இல்லாமல் இயங்குவது குற்றம். 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட். கெடு வந்தது. வீசாட்டும் டிக்டாக்கும் முறையாக உரிமம் வாங்கியிருந்தன. டெலிகிராம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. மெட்டா அப்போதுதான் காகிதங்களை எடுத்திருந்தது. யூடியூபுக்கு இந்த விதி பொருந்துமா என்று கூகுள் சந்தேகம் எழுப்பியது. எங்களிடம் 80 லட்சம் பேரே இல்லை என்றது எக்ஸ். சட்டத்தின் வார்த்தைப்படி நடந்திருந்தால் அன்றைக்குச் சில செயலிகள் முடங்கியிருக்க வேண்டும். ஒன்றும் முடங்கவில்லை. ஓராண்டு பேசிப் பார்த்த அரசாங்கம், பந்திக்கு வராத விருந்தாளியின் வீட்டு வாசலிலேயே இலையைப் போட்டுவிட்டுத் திரும்பியது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. முதலில் ஓடி வந்து கையெழுத்துப் போட்டவை இரண்டும் சீன நிறுவனங்கள். அமெரிக்கா எந்தச் செயலியை ஆபத்து என்று சொல்லித் தடைச் சட்டம் இயற்றியதோ, அந்தச் செயலிதான் இங்கே அடக்கமான பிள்ளையாக நடந்துகொண்டது. எந்த நேரமும் துரத்தப்படலாம் என்று தெரிந்தவன் வாடகையைத் தவறாமல் கட்டுவான்.

அரசாங்கம் ஏன் தடை போடவில்லை என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். 2022 நவம்பரில் நடந்த 15ஆவது பொதுத் தேர்தலில்தான் 18 வயதுக்காரர்கள் முதன்முதலாகப் பொதுத் தேர்தல் வாக்குச் சாவடிக்கு வந்தார்கள். அவர்களிடம் போய்ச் சேர எல்லாக் கட்சிகளும் டிக்டாக்கில் ஆடின, பாடின, அழுதன. வீடு வீடாகப் போன பழைய கிளைத் தலைவர்களைவிட ஒரு நிமிடக் காணொளி வேகமாக வேலை செய்ததை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் ஏறி நிற்கும் மேடையை எந்த அரசியல்வாதி பிரிப்பார்?

அமெரிக்க நிறுவனங்களின் விஷயத்தில் வேறொரு கயிறும் இருக்கிறது. 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் டிரம்ப்பும் அன்வாரும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில், அமெரிக்கச் சமூக ஊடக நிறுவனங்களை உள்நாட்டு நிதிக்குப் பணம் கட்டச் சொல்லமாட்டோம் என்று மலேசியா ஒப்புக்கொண்டது. பிரதமர் பதவி இருந்தாலும் இந்த நிறுவனங்களிடம் பெரிதாகச் செல்லுபடியாகாது என்பதை அன்வார் அதற்கு முன்பே அனுபவித்திருந்தார். ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியே கொல்லப்பட்டதற்கு இரங்கல் தெரிவித்து அவர் போட்ட பதிவுகளை மெட்டா நீக்கியது. 2024 ஆகஸ்ட்டில் தவறு நேர்ந்துவிட்டது என்று மன்னிப்பும் கேட்டது. ஒரு நாட்டின் பிரதமர் பேச்சையே அழிக்க முடிகிற நிறுவனத்தை, அந்த நாடு எப்படிக் கட்டுப்படுத்தும்? உரிமத் திட்டம் பிறந்த நாட்களில் புத்ராஜெயாவில் இருந்த கோபத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மதுரையின் 3 வாரம்

தடை போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் என். கிருபாகரனும் எஸ்.எஸ். சுந்தரும் டிக்டாக்கைப் பதிவிறக்கத் தடைசெய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்கள். ஆபாசம், சிறுவர்களின் பாதுகாப்பு ஆகியவற்றை முன்வைத்து ஒரு வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கு அது. அதற்கு முன்பே தமிழகச் சட்டமன்றத்தில் இந்தச் செயலிக்கு எதிராகக் குரல் எழுந்திருந்தது. தடைக்கு முயல்வோம் என்று அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மணிகண்டனும் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் நடுவில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து டிக்டாக்கை எடுத்துவிட்டன. ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களின் கைப்பேசியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வேண்டியவர்கள் நண்பரிடமிருந்து கோப்பாக வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். தடையால் நாளொன்றுக்கு 5 லட்சம் அமெரிக்க டாலர் வரை நட்டம், 250 பேரின் வேலைக்கு ஆபத்து என்று டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. ஏப்ரல் 24க்குள் உயர் நீதிமன்றம் முடிவெடுக்காவிட்டால் தடை தானாக நீங்கும் என்றது உச்ச நீதிமன்றம். அதே 24ஆம் தேதி மதுரைக் கிளையே தடையை விலக்கியது. மொத்தத்தில் 3 வாரம். நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாரின் வாதம் இன்றும் நினைவில் வைக்கத்தக்கது: சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்றை நீதிமன்ற உத்தரவால் அனுமதியற்றதாக்க முடியாது என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டு வந்த தடை வேறு ரகம். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்தியப் படைவீரர்கள் உயிரிழந்தார்கள். ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ், டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்குத் தடை விழுந்தது. இம்முறை கடையிலிருந்து எடுப்பதோடு நிற்கவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களே வழியை அடைத்தன. டிக்டாக்கும் இந்தியாவில் தன் சேவையைத் தானே நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ 20 கோடிப் பேர் ஒரு வாரத்துக்குள் வெளியே நின்றார்கள்.

அந்த இடத்தைப் பிடித்தது யார்? மோஜ், ஜோஷ் போன்ற இந்தியச் செயலிகள் வந்தன, கொஞ்ச நாள் பரபரப்பாக இருந்தன. ஆனால் ஜூலையிலேயே இன்ஸ்டகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இறங்கின. கூட்டம் அங்கே போனது. உடன்குடியில் மர வேலை செய்துகொண்டே டிக்டாக்கில் பேசிப் புகழ்பெற்ற ஜி.பி. முத்து யூடியூபுக்குப் போய் இன்னும் பெரிய ஆளானார். 2022இல் பிக் பாஸ் வீட்டுக்கே போனார். அவரைப்போல் இடம் மாறத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்களின் காணொளிகளும் அவற்றுக்குச் சேர்ந்த பார்வையாளர்களும் போனது போனதுதான். அன்னிய நிறுவனத்தை விரட்டிய தடையின் லாபம் வேறு இரண்டு அன்னிய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நான் தேசபக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை, வரவு செலவைச் சொல்கிறேன்.

முதலாளி மாறினால்?

அமெரிக்கா எடுத்த வழி மூன்றாவது. வெளியேறு, இல்லையேல் விற்றுவிடு. 2024 ஏப்ரல் 24இல் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தை 2025 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அடுத்த நாள் இரவு டிக்டாக் அங்கே இருண்டது. மறுநாளே மீண்டும் எரிந்தது. முதல் ஆட்சியில் இதே செயலியைத் தடைசெய்யப் புறப்பட்ட டிரம்ப், இரண்டாம் ஆட்சியின் முதல் நாளிலேயே 75 நாள் அவகாசம் கொடுத்தார். பிறகு அவகாசத்துக்கு மேல் அவகாசம். நாடாளுமன்றம் நிறைவேற்றி நீதிமன்றம் உறுதிசெய்த சட்டம் ஓராண்டாக அலமாரியில் கிடந்தது. கடைசியில் 2026 ஜனவரியில் ஆரக்கிள், சில்வர் லேக், அபுதாபியின் எம்ஜிஎக்ஸ் ஆகிய மூன்றும் ஆளுக்கு 15 விழுக்காடு எடுத்துக்கொள்ள, பைட்டான்ஸுக்கு 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கு மிஞ்ச, புதிய கூட்டு நிறுவனம் உருவானது.

முதலாளி மாறுவதைப் பற்றித் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எத்தனையோ லண்டனில் தலைமையகம் வைத்திருந்த கம்பெனிகளின் சொத்து. அவற்றுள் பெரியது கத்ரி. 1981 செப்டம்பர் 7 அன்று காலை, லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நாசியோனல் கத்ரியின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. ‘விடியற்காலைத் தாக்குதல்’ என்று சரித்திரத்தில் பெயர் வாங்கிய நாள் அது. நாட்டுக்குப் பெருமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மறுநாள் காலையும் அதே பிரட்டு, அதே பால்வாளி, அதே லயம். ரப்பர் மரத்துக்குப் பதில் செம்பனை வந்தது, பிறகு நிலம் வீடமைப்புக்குப் போனது, பலரும் தம்பின் நகரத்தை ஒட்டிய தாமான்களுக்கு நகர்ந்தார்கள். முதலாளியின் கொடி மாறியதால் நாள்கூலி உயர்ந்துவிடவில்லை. டிக்டாக்கின் பங்கு பெய்ஜிங்கில் இருக்கிறதா டெக்சாஸில் இருக்கிறதா என்ற சண்டையை இந்த அனுபவத்தோடு பார்த்தால், முக்கியமான கேள்வி எதுவென்று பிடிபடும். உரிமையாளர் யார் என்பதைவிட, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதுதான் கேள்வி.

அதற்காகச் செயலிகளை அப்படியே விட்டுவிடலாமா? விட முடியாது. விடக் கூடாது என்பதற்கு நம் சமூகத்திலேயே ஒரு சாவு சாட்சி. டிக்டாக்கில் எஷா என்ற பெயரில் அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு 2024 ஜூலை 5 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. முதல் நாள்தான் தன்னை மிரட்டுகிறவர்கள் மீது காவல் துறையில் புகார் கொடுத்திருந்தார். துன்புறுத்தியவர்களும் நம்மவர்களே. அவர்களில் ஒரு பெண்ணுக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தண்டனை 100 ரிங்கிட் அபராதம். அந்தப் பிரிவில் அதுதான் உச்சம். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்து, 2025 ஜூலை 11 முதல் அமலுக்கு வந்தன. மிரட்டலால் ஒருவர் தன்னை மாய்த்துக்கொள்ளும் நிலை வந்தால் 10 ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டம் தேவையானது. சரியானதும்கூட.

இன்னொரு சாட்சி 2022 தேர்தலுக்கு அடுத்த நாட்கள். யார் ஆட்சி அமைப்பது என்று தெரியாமல் நாடு காத்திருந்தபோது, 1969 மே 13 இனக் கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் பரவின. காவல் துறை எச்சரித்தது, நிறுவனமும் அவற்றை நீக்கத் தொடங்கியது. சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்கு அது வெறும் ‘உள்ளடக்கம்’ அல்ல. கதவைத் தாழிட்டுக்கொள்ள வைக்கும் விஷயம்.

ஆகவே நான் கட்டுப்பாட்டுக்கு எதிரி அல்ல. கட்டுப்பாடு எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்பதுதான் என் கவலை. 2025 பிப்ரவரியில் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு திருத்தப்பட்டு, தவறான முறையில் பதிவு போடுபவருக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக ஏறியது. மேலே சொன்ன தொகையை நினைவுபடுத்திப் பாருங்கள். உரிமம் இல்லாமல் நடத்தும் உலகப் பெருநிறுவனத்துக்கு மிரட்டப்பட்ட அபராதமும் அதே 5 லட்சம்தான். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத்துப் பையனும் பைட்டான்ஸும் சட்டத்தின் தராசில் ஒரே எடை. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரியில் அமலுக்கு வந்து, நிறுவனங்களுக்கான தண்டத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் காவல் நிலையத்துக்கு அழைத்து வாக்குமூலம் வாங்குவது யாரிடம் சுலபம் என்பது நாடறிந்தது.

உரிமம் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே பத்திரிகைக்காரர்களுக்கு வயிறு கலங்குவதற்கும் காரணம் உண்டு. 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையின்போது ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூன்றுக்கும் உரிமம் பறிபோனது. 2007 ஆகஸ்ட்டில் மக்கள் ஓசை, இயேசுவின் படத்தைத் தவறாக வெளியிட்டதற்காக ஒரு மாதம் முடக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்டும் முடக்கப்பட்டது. அச்சகத்தில் மை காய்வதற்குள் தமிழ் நாளேட்டை மூடிய அந்தக் கை, உலக நிறுவனங்களிடம் ஓராண்டு பேசிவிட்டு உரிமத்தைச் சும்மாவே கொடுக்கிறது. உரிமம் அடிப்பது உள்ளூர்க்காரனைத்தான். அவனுக்குத்தான் இங்கே முகவரி இருக்கிறது.

வழியை அடைப்பது எப்படி?

தொழில்நுட்பம் பக்கமாகவும் ஒரு சங்கடம். 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை அழைத்த அன்றைய பிரதமர் மகாதீர், இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் அந்த வாக்கு இன்னும் எழுத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2015இல் சரவாக் ரிப்போர்ட் தளமும் 2016இல் மீடியம் தளமும் அடைக்கப்பட்டன. அவற்றில் வந்த 1எம்டிபி ஊழல் செய்திகளைப் படிக்க விரும்பியவர்கள் எப்படியோ படித்தார்கள். 2018இல் ஆட்சி மாறியதும் தடைகள் நீங்கின. 2024 செப்டம்பரில் ஆணையம், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற வெளிநாட்டு முகவரிச் சேவைகளுக்குப் போகும் வினவல்களையெல்லாம் உள்நாட்டு நிறுவனங்களின் சேவைக்கே திருப்பிவிடச் சொன்னது. சூதாட்டத் தளங்களைத் தடுக்க என்றார்கள். இரண்டு நாள் எதிர்ப்பிலேயே, செப்டம்பர் 8 அன்று, அதை நிறுத்திவைக்கும்படி தொடர்பு அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் கேட்டுக்கொண்டார்.

இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று கோத்தபாய அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே விபிஎன் வழியாக வந்து, இந்தத் தடை பயனற்றது என்று பதிவு போட்டார். அன்று மாலைக்குள் தடை போய்விட்டது. நேப்பாளத்தில் கதை இரத்தத்தில் முடிந்தது. பதிவு செய்யாத 26 தளங்களை 2025 செப்டம்பர் 4 அன்று அரசு அடைத்தது. ஊழலில் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த இளைஞர்கள் 8ஆம் தேதி தெருவுக்கு வந்தார்கள். அன்று ஒரு நாளில் 19 பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். முறையாகப் பதிவு செய்து தப்பியிருந்த டிக்டாக்கில்தான் அந்தக் கோபம் ஊரெல்லாம் பரவியிருந்தது. இங்கே தொழிற்சாலை வாசல்களில் காவல் நிற்கும் நேப்பாளத் தொழிலாளர்களுக்கு அந்த 4 நாளும் வீட்டுக்குப் பேசுவதே பெரும்பாடாக இருந்திருக்கும்.

இப்போது நம் வாசலுக்கு வருவது 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தடை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10இல் தொடங்கியதை மலேசியாவும் 2026இல் செய்யும் என்று 2025 நவம்பரில் ஃபஹ்மி அறிவித்தார். மைகாட், கடப்பிதழ் போன்ற ஆவணங்களைக் கொண்டு வயதைச் சரிபார்ப்பது திட்டம். நிறுவனத்தின் மீதே பொறுப்பு என்கிறார்கள். ஆனால் அட்டையை நீட்ட வேண்டியவர் பயனர். நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு பழைய புண் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமை எடுக்காமல் விட்ட, எடுக்க முடியாமல் போன தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. திருமணப் பதிவு இல்லாததால் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல், அதனால் அட்டை இல்லை என்று நிற்கும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்காகவே 2011இல் ‘மைடஃப்தார்’ பதிவு இயக்கம் நாடு முழுக்க நடந்தது. அட்டை இல்லாத 20 வயது இளைஞனுக்கு வங்கிக் கணக்கு இல்லை, முறையான வேலை இல்லை. நாளை வாய் திறக்கவும் இடம் இருக்காது. பதினாறைத் தொடாத பிள்ளையைக் காக்கப் போடும் வேலியில் இருபதைத் தாண்டியவன் மாட்டிக்கொள்கிறான்.

எனவே ஆணையத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வயதுச் சோதனை அமலாகும்போது அட்டை இல்லாதவர்களுக்கு மாற்று வழி என்ன என்பது எழுத்தில் வர வேண்டும். நமது நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் டிக்டாக்கில் தோன்றுவதற்கு நடுவே இதையும் கேட்கலாம்.

இரண்டாவது, மொழி. 2024 அக்டோபரில், உரிமக் கெடுவுக்கு மூன்று மாதம் கூட இல்லாத நேரத்தில், டிக்டாக் மலேசியாவில் ஏறக்குறைய 500 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. பெரும்பாலோர் உள்ளடக்கத்தைச் சரிபார்த்தவர்கள். அந்த வேலையை இயந்திரம் பார்க்கும் என்றார்கள். தமிழில் வரும் வசவை, சாதிச் சொல்லை, நேரலை மிரட்டலை எந்த இயந்திரம் புரிந்துகொள்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய தளங்கள், ஒவ்வொரு அலுவல் மொழிக்கும் எத்தனை பேர் சரிபார்க்கிறார்கள் என்று தங்கள் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். அங்கே அது சட்டம். மலேசியா உரிமத்தை இலவசமாகக் கொடுத்தது போகட்டும். தமிழ்ப் புகார்களைப் பார்க்க ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேரை வைத்திருக்கிறது, வந்த புகார் எத்தனை, எத்தனை நாளில் முடிந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று அந்த உரிமத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தம்பின் வாசகர்களே, இதை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதமாகவே எழுதுங்கள்.